நடுப்பலகையில் முளைத்த பயறு

மகளே, மகனே,

மூன்று வருடத்துக்கு முன்னால், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தாமல் ஏரிக்கரையில் நடந்ததைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் இருவரும் அன்று அங்கே இருந்தீர்கள். கரையில் துண்டை விரித்து உட்கார்ந்து புளிசோறு சாப்பிட்டீர்கள். டீச்சரின் பாய்மரப் படகு பக்கவாட்டிலேயே நகர்ந்து போய் முள்ளில் மாட்டிக்கொண்டதைப் பார்த்துச் சிரித்தீர்கள். ஏன் அப்படி ஆயிற்று என்று அன்று நான் எல்லார் முன்னாலும் சொன்னதையும் கேட்டீர்கள்.

போன வாரம் தம்பி வரைந்த படத்தில் வர்ணம் வழிந்துபோனது. உடனே அக்கா, "நீ இன்னாடா, பெயிண்டர் மாமாவா?" என்றாள். இருவரும் சிரித்தீர்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றவன். பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்துவிடுங்கள்.

அந்தப் படகு நம் கிரில் பட்டறைக்கு வந்த கதை உங்களுக்குப் பாதிதான் தெரியும். நம் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் டீச்சர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லிக்கொடுப்பவர். கல்லூரியில் படிக்கும்போது பாய்மரப் படகு ஓட்டப் பழகியவர். இருபது வருடம் கழித்து, சென்னைப் பக்கம் யாரோ கழித்துப்போட்ட ஒரு சின்ன ஃபைபர் படகைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நம் பட்டறை வாசலில் இறக்கினார். செவிலிமேட்டில் இருக்கிற பட்டறைக்குக் கேட் வரும், ஜன்னல் வரும், தண்ணீர்த் தொட்டி மூடி வரும். படகு வந்தது அதுதான் முதல் தடவை. தெருவே வந்து நின்று பார்த்தது. "பாலாறு எப்ப வருதுன்னு படகுக்கு முன்கூட்டியே சேதி வந்திருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார் எதிர்வீட்டுக்காரர்.

படகில் ஒரே ஒரு கோளாறு. நடுப்பலகை இறுகிக்கிடந்தது.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். பாய் கட்டிய படகைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். தள்ளவிடாமல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள நடுவில் ஒரு கனத்த இரும்புத் தகடு இருக்கிறது. படகின் அடியில் நீளமாக ஒரு பிளவு. பிளவுக்கு நேர் மேலே, படகுக்குள்ளே, குறுகலான ஒரு பெட்டி. தகடு அந்தப் பெட்டிக்குள் ஒரு போல்ட்டில் தொங்கும். கயிற்றை இழுத்தால் பெட்டிக்குள் ஏறிக்கொள்ளும், விட்டால் பிளவு வழியாகத் தண்ணீருக்குள் இறங்கும். கரைக்கு அருகே ஏற்ற வேண்டும், ஆழத்துக்குப் போனதும் இறக்க வேண்டும். இரும்பை ஏன் பலகை என்கிறீர்கள் என்று கேட்டேன். "கரும்பலகையை சிமெண்ட்ல பூசினாலும் பலகைன்னுதானே சொல்றோம்" என்றார் டீச்சர்.

நான் பெரிய சுத்தியலை எடுத்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, இது கேட் இல்ல. அடிச்சா பெட்டி விரியும். பெட்டி விரிஞ்சா படகுக்குள்ள தண்ணி வரும். எது தடுக்குதுன்னு முதல்ல பாருங்க."

படகைப் பழைய டயர்கள் மேல் ஒருக்களித்துப் படுக்கவைத்தோம். பிளவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், துரு பொருக்குத் தட்டியிருந்தது. துருவுக்கும் சுவருக்கும் இடையில் கடல்மணலும் கிளிஞ்சலும். டீசல் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டேன். மறுநாள் பக்கத்து வீட்டில் தறியிலிருந்து கழித்துப்போட்ட மூங்கில் சிம்பு ஒன்றை வாங்கிவந்து, உள்ளே விட்டு மெதுவாக அறுப்பதுபோல இழுத்தேன். மணல் கொட்டியது. மத்தியானம் தகடு அரை விரல் அசைந்தது. சாயங்காலம் 'ணங்' என்று விழுந்தது. கட்டையை முட்டுக் கொடுத்திருந்ததால் என் கை தப்பியது. அரை மூட்டை சிமெண்ட் கனம் இருக்கும் அந்தத் தகடு. அன்று எனக்கு வந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. கடலே பார்க்காத பட்டறைக்காரன் கடல் சாமானைச் சரிசெய்துவிட்டான் என்று நானே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

துருவைச் சுரண்டினேன். ரெட் ஆக்சைடு அடித்தேன். துருப்பிடிக்காத புது போல்ட் மாட்டி கிரீஸ் வைத்தேன். ஓடும்போது பிளவு வழியாகத் தண்ணீர் பீச்சியடிக்கக் கூடாது என்று, லாரி டியூபை வெட்டி இரண்டு ரப்பர் பட்டைகளை உதடுபோல அடியில் வைத்துத் தைத்தேன். தகடு இறங்கும்போது உதடு விலகும், ஏறினதும் மூடிக்கொள்ளும். இந்த உதட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் வேலை பெயிண்டர் மாமாவுக்கு. அவரும் நானும் ஏழாவது வரை ஒரே பெஞ்சு. அவர் அதோடு நின்றார், நான் இன்னும் இரண்டு வருடம் இழுத்தேன். பட்டறைத் தகரக் கதவில் எலக்ட்ரீஷியன், குட்டியானை டிரைவர், பெயிண்டர் என்று மூன்று போன் நம்பர்கள் எழுதியிருந்ததல்லவா, அது அவர் கை. அச்சடித்த மாதிரி இருக்கும். டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "எங்க ஸ்கூல் சுவத்துல எழுத்தும் மேப்பும் வரையணும். படகை முடிங்க, ஹெச்செம் கிட்ட நானே பேசறேன்" என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து பெயிண்டருக்குத் தரையில் கால் நிற்கவில்லை. "ஏழாவது ஃபெயிலானவன் எழுத்தைப் பாத்து புள்ளைங்க படிக்கப் போவுது, பாத்துக்க" என்று என்னிடம் நாலு தடவை சொல்லிவிட்டார்.

பெட்டியின் உட்பக்கமும் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. கை நுழையாத சந்து. கம்பியில் ஸ்பாஞ்சைக் கட்டி அடித்தார். "மூணு நாள் காயணும். அதுக்கு முன்னாடி தகட்டை மாட்டாதே" என்றார். நான் இரண்டாம் நாளே மாட்டப் போனேன், என் கையைத் தட்டிவிட்டார். மூன்றாம் நாள் சனிக்கிழமை. அவரே உள்ளே நகத்தை விட்டுக் கீறிப் பார்த்து, "இப்ப மாட்டு" என்றார். மாட்டினேன். ஏற்றி இறக்கிப் பார்த்தோம். வெண்ணெய் மாதிரி போயிற்று.

மறுநாள் காலை ஏரிக்குக் கிளம்புவதற்கு முன் நான் பூஜை போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டீச்சர் பாயை எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார். பெயிண்டர் சர்ச்சுக்குப் போய்விட்டு, மத்தியானத்துக்கு மேல் ஏரிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நாம் மூன்று பேர்தான் இருந்தோம். மகளே, நீ தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாய். சந்தனம் வைத்தோம், எலுமிச்சம்பழம் சுற்றினோம், கற்பூரம் காட்டினோம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நான் கிரில் வேலைக்காகப் புது வீடுகளுக்குப் போகிறவன். நிலைக்கால் நாட்டும்போது குழியில் நவதானியம் போடுவதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். எது நிலையாக நிற்க வேண்டுமோ அதற்கு அடியில் தானியம் போட வேண்டும் என்பது என் மண்டையில் ஊறியது. இந்தப் படகை நிலையாக நிறுத்துவது எது? நடுப்பலகை. அது நிற்கிற குழி எது? அந்தப் பெட்டி. பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கை நவதானியத்தைப் பெட்டியின் வாய் வழியாக உள்ளே போட்டேன். "எதுக்குப்பா?" என்று கேட்டாய். "நிலைக்காலுக்குப் போடற மாதிரிமா" என்றேன். போட்டது முழுக்க, தகட்டுக்கு இரண்டு பக்கமும் இறங்கி, நான் தைத்த ரப்பர் உதட்டுக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

பத்து மணிக்கெல்லாம் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டோம். காற்று இல்லை. படகை ஒரு மரத்தில் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். நீங்கள் சாப்பிட்டீர்கள், நான் ஊர்க்காரர்களுக்கு நடுப்பலகை என்றால் என்ன என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரையோரம் முழங்கால் தண்ணீர்தான், தகட்டை இறக்கிப் பார்க்க முடியாது. நேற்றுத்தானே சரியாக இருந்தது என்று யாரும் பார்க்கவும் இல்லை. மூன்று மணிக்குக் காற்று வந்தது. டீச்சர் பாயை ஏற்றி, "வாங்கண்ணா, நீங்க செஞ்ச வேலையை நீங்களே பாருங்க" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். மிதவைச் சட்டை போட்டிருந்தேன். ஆனால் எனக்கு நீச்சல் தெரியாது என்பது உங்கள் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆழத்துக்குப் போனதும் டீச்சர் கயிற்றை விட்டார். தகடு இறங்கவில்லை. கயிற்றை ஆட்டிப் பார்த்தார். துடுப்புக் காம்பால் மேலேயிருந்து குத்தினார். நான் எழுந்து நின்று காலால் மிதித்தேன். சுவரை மிதிப்பதுபோல இருந்தது. படகோ நேராகப் போகாமல் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த கருவேல மரங்கள். டீச்சர் பாயை இறக்குவதற்குள் முள் அதைப் பிடித்துக்கொண்டது. ஓர் ஆள் உயரத்துக்குக் கிழிந்தது. அவர் முழங்கையில் ரத்தம். படகு ஒரு பக்கம் சாய்ந்தபோது நான் இரண்டு கையாலும் அந்த நடுப்பலகைப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். உங்கள் பெயர்களைச் சொன்னேன். அதை நீங்கள் கரையிலிருந்து கேட்டிருக்க முடியாது.

துடுப்பால் தள்ளித் தள்ளிக் கரை சேர்ந்தோம். கரையில் முப்பது பேராவது நின்றார்கள்.

"மாடு கட்டி இழுக்கலாமா சார்?" என்றார் ஒருவர்.

"இன்னாபா, நேரா போவும்னு காலையிலேர்ந்து சொல்லிக்கினு இருந்தியே, இது குறுக்கால போவுது" என்றார் டீக்கடை அக்கா.

பயந்துபோனவனுக்குக் கோபம் சீக்கிரம் வரும், மக்களே. அதுவும் பயந்ததை மறைக்க வேண்டியவனுக்கு. அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு, வெள்ளைச் சட்டையோடு, கேக் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பெயிண்டர் வந்தார். உங்களுக்காக வாங்கிவந்த கேக் அது.

"பெட்டிக்குள்ள இன்னாயா அடிச்சே?" என்றேன். "பசை மாதிரி பிடிச்சுக்கினு இருக்குது. டீச்சர் செத்துப் பொழைச்சு வந்திருக்காங்க."

அவர் டீச்சரின் கையைப் பார்த்தார், கிழிந்த பாயைப் பார்த்தார். "என் பெயிண்ட் காஞ்சிருச்சுபா. நேத்து நீயும்தானே பாத்தே" என்றார்.

"மேல காஞ்சிருக்கும், உள்ள ஈரம். தண்ணி பட்டதும் ஊறிப் பிடிச்சுக்கிச்சு. சுவத்துல எழுதறவன் சுவத்தோட நிக்கணும். படகுக்கு உன்னைக் கூப்பிட்டது என் தப்பு."

அவர் கேக்கை உங்கள் துண்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டீச்சர் கிழிந்த பாயைச் சுருட்டிக் கட்டினார். திரும்பிவரும் வழியெல்லாம் அவர் யோசனையில் இருந்தார்.

அன்று சாயங்காலமே பட்டறைக்கு வந்ததும், ரெட் ஆக்சைடு டப்பாவில் பிரஷைத் தோய்த்து, தகரக் கதவிலிருந்த பெயிண்டர் நம்பரின் மேல் பட்டையாக ஓர் இழுப்பு இழுத்தேன். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். இனிமேல் அவருக்கு வேலை இல்லை என்று நான் உங்களுக்குச் சொல்லாமல் சொன்னேன்.

படகு ஐந்து நாள் பட்டறையில் கிடந்தது. எனக்கு ஒரு கேட் வேலை அவசரம். வெள்ளிக்கிழமை, "சாயந்திரம் வரேன், என்ன ஆச்சுன்னு பிரிச்சு வைங்கண்ணா" என்று டீச்சர் போன் செய்தார். சுமைதூக்குகிற இருவரைக் கூப்பிட்டுப் படகை டயர் மேல் ஒருக்களித்துச் சாய்த்துவிட்டு, அவர்களை அனுப்பிவிட்டுக் கீழே குனிந்தேன்.

ரப்பர் உதடு விரிந்திருந்தது. அதன் நடுவிலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல்போல என்னமோ தொங்கியது. புழு என்றுதான் முதலில் நினைத்தேன். தொட்டால் முளை. பச்சைப்பயறு விரல் நீளத்துக்கு முளைத்து, வெளிச்சத்தைத் தேடி வளைந்திருந்தது.

 உதட்டை அறுத்தெடுத்துவிட்டு டார்ச் அடித்தேன். மொச்சை, கொண்டைக்கடலை, துவரை, கொள்ளு எல்லாம் ஐந்து மணி நேரம் ஏரித்தண்ணீரில் ஊறி, இரண்டு மடங்கு பருத்து, தகட்டுக்கும் பெட்டிச்சுவருக்கும் நடுவில் ஆப்பு அடித்ததுபோல இறுகியிருந்தன. அடித்தவன் நான்.

அந்தப் பழைய மூங்கில் சிம்பையே எடுத்தேன். மெதுவாக உள்ளே விட்டு இழுத்தேன், ஹோஸ் வைத்துத் தண்ணீர் பாய்ச்சினேன். நசுங்கிய மொச்சை முதலில் வந்தது, பிறகு கடலை. ஒரு மணி நேரத்தில் தகடு கையோடு வந்துவிட்டது. போல்ட்டைக் கழற்றித் தகட்டை வெளியே எடுத்தேன். பெட்டியின் உட்சுவரை நகத்தால் கீறினேன். ஒரு பொருக்கு வரவில்லை. கண்ணாடிபோல இருந்தது. கை நுழையாத மூலையில், யாரும் எந்தக் காலத்திலும் பார்க்கப் போகாத இடத்தில், இரண்டு கோட்டிங் அடித்து, ஒரு சொட்டுகூட வழியாமல் துடைத்து எடுத்திருந்தார் மனுஷர்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எழுதக் கஷ்டமானது.

முளையையும் தானியத்தையும் கூட்டி, பழைய பேப்பரில் சுருட்டி, இரும்புத்தூள் போடும் டப்பாவில் போட்டேன். தரையைக் கழுவிவிட்டேன். ஐந்து மணிக்கு டீச்சர் வந்தார். தகடு தனியாக, பெட்டி சுத்தமாக இருந்தது.

"பெயிண்ட்தானா அண்ணா?"

நான் தலையாட்டினேன். வாயைத் திறக்கவில்லை, வெறும் தலைதான். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது.

"பாவம், நல்ல மனுஷன். கை நீட்டா இருக்குதேன்னு நினைச்சேன்" என்றார் டீச்சர். "சரி, ஸ்கூல் சுவருக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லிடறேன். திங்கக்கிழமை முடிவு பண்றாங்க."

அவர் போன பிறகு நான் வெல்டிங் போட உட்கார்ந்தேன். கண்ணாடியை மாட்டினேன், கழற்றினேன். ஒரு கேட்டின் கொண்டியைத் தலைகீழாக வைத்து வெல்டிங் அடித்துவிட்டேன். அன்றைக்கு உங்கள் அம்மா என்ன உடம்புக்கு என்று கேட்டாள். வெயில் என்றேன்.

மறுநாள் காலை சனிக்கிழமை, டீச்சருக்குப் பள்ளிக்கூடம் உண்டு. அந்தப் பேப்பர் சுருளை டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டு செவிலிமேடு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். டீச்சர் முன்னால் போய்ப் பேப்பரைப் பிரித்தேன்.

"என்னண்ணா இது, முளைகட்டின பயறா? நான் டயட்ல இல்லையே" என்றார்.

"நடுப்பலகையில இருந்தது டீச்சர். நான்தான் போட்டேன். பூஜைக்கு. பெயிண்டர் மேல தப்பே இல்ல. நேத்து தலையாட்டினது பொய்."

அவர் பயறைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், பஸ் வந்து நின்றும் ஏற முடியவில்லை. கண்டக்டர் விசில் அடித்துக்கொண்டே இருந்தார். ஏறும்போதுதான் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "திங்கக்கிழமைக்கு நான் பாத்துக்கறேன். அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

பெயிண்டர் அன்று ஒரு புது வீட்டின் மாடிச் சுவரில் சாரம் கட்டி நின்றிருந்தார். கீழே நின்று சொன்னேன். கேட்டுக்கொண்டே அடித்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் பிரஷை டப்பாவின் விளிம்பில் வழித்தார்.

"எத்தனை தானியம்?"

"ஒம்போது."

"எள்ளுகூடவா?"

"எள்ளுகூட."

"எள்ளு செஞ்ச தப்புக்கு நான் ஒருத்தன் பழி சுமந்திருக்கேன்" என்றார். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "யோவ், நான் ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு எங்க வெச்சு சொன்னே? ஏரிக்கரையில, ஊரே நிக்கறப்ப சொன்னே. இப்ப எங்க வந்து சொல்றே? ஆள் இல்லாத வீட்டுல, கழுத்தை அண்ணாந்துக்கினு என் ஒருத்தன்கிட்ட. கணக்கு சரியா இருக்குதா, நீயே சொல்லு."

 அவர் திரும்பி வேலையைப் பார்த்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சைட்டுக்கு அளவெடுக்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டுத் தாமலுக்குப் போனேன். ஏரிக்கரை டீக்கடையில் போன வாரம் நின்றவர்களில் பாதிப் பேர் இருந்தார்கள். டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அது ஆறிப்போகும்வரை சொல்ல வரவில்லை. பிறகு சொன்னேன். முழுதாகச் சொன்னேன், நிலைக்கால் யோசனை உட்பட.

"ஏரிக்குள்ள புறம்போக்கு பிடிக்கறதுன்னா இதுதான்" என்றார் மாடு கட்டி இழுக்கலாமா என்று கேட்டவர். "படகுலயே பயிர் வெச்சிட்டாரு."

டீக்கடை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அந்த வெள்ளைச் சட்டைக்காரர் மூஞ்சி எனக்கு ஞாபகம் இருக்குது" என்றார். "வண்டியை எடுக்கும்போது சாவியை ரெண்டு தடவை கீழ போட்டாரு. வந்தா இங்க ஒரு டீ குடிக்கச் சொல்லுபா."

அந்த மாதம் முடிவதற்குள் பள்ளிக்கூடச் சுவரில் உயிரெழுத்து பன்னிரண்டும் ஏறிவிட்டன. படகு மறுபடியும் தண்ணீரில் இறங்கியது. இப்போது நான் கற்பூரம் மட்டும் காட்டுகிறேன். கரையை விட்டுக் கிளம்பி இடுப்பளவு ஆழம் வந்ததுமே, பாயை ஏற்றுவதற்கு முன், தகட்டை ஒரு தடவை முழுதாக இறக்கி ஏற்றிப் பார்க்கிறோம். திரும்பி வந்ததும் பெட்டிக்குள் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுகிறேன். மணலில் படகை உட்காரவிடுவதில்லை. கிரீஸ், கயிறு, போல்ட் மூன்றையும் மாதம் ஒரு முறை கையால் தொட்டுப் பார்க்கிறேன். அடைத்துக்கொள்வதற்கு முன்னால் பார்த்துவிட்டால் மூங்கில் சிம்பே போதும்.

பெயிண்டர் மாமா இப்போதும் நம் வீட்டுக்கு வருகிறார், உங்களோடு கேரம் ஆடுகிறார். நீங்கள் அவரைக் கிண்டல் செய்கிறீர்கள், அவரும் சேர்ந்து சிரிக்கிறார். மூன்று வருடமாக ஒரு தடவைகூட, "அது நான் இல்லை, உங்க அப்பன்" என்று சொன்னதில்லை. அன்று கரையில் நின்றவர்களில் உண்மை தெரியாமல் பாக்கி இருப்பது நீங்கள் இரண்டு பேர்தான். ஊருக்குச் சொல்ல முடிந்த எனக்கு உங்களுக்குச் சொல்ல மூன்று வருடம் ஆகியிருக்கிறது. உங்கள் கண்ணில் நான் எல்லாம் தெரிந்தவனாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்ற ஆசைதான். வேறு காரணம் இல்லை.

பட்டறைக் கதவில் மூன்றாவது நம்பர் மட்டும் ஏன் கோணலாக இருக்கிறது என்று மகனே, நீ ஒரு நாள் கேட்டாய். பதில் இதுதான். தாமலிலிருந்து திரும்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு, தெருவில் யாரும் இல்லை. வெள்ளை பெயிண்டும் சின்ன பிரஷும் எடுத்து, நான் சிவப்பு இழுத்த இடத்தின் மேலேயே அவர் பெயரை எழுதி, பக்கத்தில் நம்பரைப் போட்டேன். போனைப் பார்க்கவில்லை, பத்து எண்ணும் மனப்பாடம். என் கையில் வந்தது கோணல் எழுத்துதான். மூன்று நாள் காய வேண்டும் என்று அவர் சொல்வார். அதனால் மூன்று நாளும் அந்தக் கதவைத் தொடாமல், பக்கத்திலிருக்கும் குட்டையான ஒற்றைக் கதவைத் திறந்து குனிந்து போய் வந்தேன். இன்றும் யார் மேலாவது பழி சொல்ல வாய் வரும்போது, அந்தக் குட்டைக் கதவுக்குள் குனிந்து நுழைந்த மூன்று நாளின் வலியும் என் முதுகில் இருக்கிறது.